தேயிலை உறைக்குக் கிடைத்த கண்டிப் பயணம்

கடற்கரையில் தேயிலை விற்கிறவனுக்கு உப்புக்காற்று முதல் எதிரி. கம்பனியிலிருந்து வரும் நல்ல செய்தி இரண்டாவது எதிரி. கடை வைத்து அல்லற்படுகிற உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மன்னார்ப் பட்டினத்தில் எனக்கு ஒரு சின்னத் தேயிலைக் கடை. வெறும் தேயிலை உறைகளை அதிகமாகச் சேர்த்து அனுப்பும் கடைக்காரரையும் அவருடைய மூன்று வாடிக்கையாளரையும் இலவசமாகக் கண்டிக்குக் கூட்டிப்போவதாகக் கம்பனி ஒரு போட்டி வைத்தது. நாங்கள் வென்றுவிட்டோம்.

பெருவிரல் அடையாளம்

பரிசுக் கடிதத்தோடு ஒரு படிவமும் வந்தது. போகிறவர்கள் அதில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டுமாம். அதைக் கண்டதும் கடைக்குள் ஒருவரும் பேனையைத் தொடவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, தலைமன்னாரில் இறங்கி, மலைத் தோட்டங்களுக்கு ரயிலேறும் கூலிச் சனத்தை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்தவர்கள். அவர்களும் இப்படித்தான் விரல் வைத்தவர்கள் என்று கேள்வி; திரும்பி வந்தவர்களைத்தான் நாங்கள் அதிகம் கண்டதில்லை.

தலைமன்னாரிலிருந்து கருவாடு கொண்டுவரும் ஞானம்மா அக்காதான் அதிக உறை தந்தவர். அவர் பெருவிரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். நாலு நாளில் திரும்பிவிடுவோம் என்று நான் சத்தியம் பண்ணினேன். என் குரலை நானே நம்பவில்லை. கடைசியில் விரலை மையில் தோய்த்தபடி அவர் சொன்னார்: "நாங்கள் வராட்டி என்ர பிள்ளையளுக்குப் பதில் சொல்ல நீங்களும் இங்க இருக்கமாட்டீங்களே, தம்பி."

நெஞ்சில் குத்திய தகரம்

வென்றவர்களை அடையாளம் காண, இலக்கம் போட்ட தகர வில்லை ஆளுக்கொன்று கம்பனி அனுப்பியிருந்தது. பெருமையாக நெஞ்சில் குத்திக்கொண்டு ரயிலேறினோம். பொல்காவலையில் வண்டி மாறும்போதுதான் கவனித்தேன்: தோட்டத்துக்குப் போகும் சனத்தின் கழுத்திலும் அதே மாதிரித் தகரம்.

எங்களோடு வந்த இன்னொரு வாடிக்கையாளர், பாப்பாமோட்டையில் வயல் செய்யும் கந்தையா அண்ணை. அவரைத் திடீரென்று காணவில்லை. ஓடித் தேடினால், தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் ஒரு கங்காணி அவரைத் தன் ஆட்களோடு வேறு பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணையின் கண் என்னைத் தேடியது. நான் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன். கங்காணி மற்றக் கையை விடவில்லை. வண்டி ஊதிவிட்டது. கம்பனிக் கடிதத்தை முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிய பிறகுதான் பிடி தளர்ந்தது. கங்காணி கோபப்படவுமில்லை. சாவகாசமாகச் சொன்னார்: "எந்தத் தகரமா இருந்தா என்னங்க, ஏறிட்டா எல்லாருக்கும் ஒரே மலைதானே."

ஆதம் காக்காவின் மூச்சு

கண்டிக்கு ஏறும் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். பனையைவிட உயரமாக எதையும் பார்த்திராத நாங்கள் பாறைப் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தோம். கந்தையா அண்ணை கண்ணை இறுக்கி மூடித் திருக்கேதீஸ்வரத்தானைக் கூப்பிட்டபடியே இருந்தார்.

மூன்றாவது வாடிக்கையாளரான ஆதம் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்போம்) சங்கு குளிக்கிறவர். சுறாவைக் கண்டாலும் பதறாத மனிதர். வண்டி மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் நுழைந்தது. இருட்டு, புகை. யாரோ என் கையை நொறுங்கப் பிடித்தார்கள். வெளிச்சம் வந்ததும் பார்த்தேன்: காக்காதான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகில் தட்டியபின்தான் மூச்சு விட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "கடலுக்குள்ள எது மேல எண்டு எனக்குத் தெரியும். இதுக்குள்ள அது தெரியேல்ல."

மூட்டம்

மறுநாள் கண்டிக்கு மேலே ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பனிமூட்டம் இறங்கியது. பக்கத்தில் நின்றவரே தெரியவில்லை. வழி தேடிக் கொஞ்சத் தூரம் நடந்தபின்தான் ஞானம்மா அக்கா கூட இல்லையென்று கண்டு கூப்பிட்டோம், பதில் இல்லை. அவருடைய பிள்ளைகளின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. பதறி ஓடினேன். வலது கால் வெறும் காற்றில் இறங்கியது. ஆதம் காக்கா என் சட்டையை எட்டிப் பிடித்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை. அதன்பிறகு நாங்கள் மூவரும் தவழ்ந்துதான் நகர்ந்தோம்.

மூட்டம் விலகியபோது, நாங்கள் முதலில் நின்ற இடத்திலேயே ஒரு கல்லில் அக்கா அசையாமல் இருந்தார். கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஒரு சத்தமும் கேக்கேல்ல. கடலில மூட்டம் வந்தா வள்ளத்தை அசைக்கப்படாதெண்டு எனக்குத் தெரியும், தம்பி. ஓடித் தொலைஞ்சது நீங்கள்தான்."

புறப்பட்ட நாலு பேரும் நாலு பேராகவே ஊர் திரும்பியதைத்தான், கம்பனி கேட்டால் கோபிக்கும் என்றாலும், நான் இன்றைக்கும் முதற்பரிசாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.