முன்கூட்டியே அடித்த நன்றி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கிப் பார்த்தால் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காய்கிறது. அடியில் விரித்திருப்பது பெரிய பிளக்ஸ் பேனர். சோளத்துக்கு நடுவே ஒரு மீசையும் கும்பிட்ட கைகளும் தெரிகின்றன. ஓரத்தில், "என்னைத் தலைவராக்கிய ஊர் மக்களுக்குக் கோடானுகோடி நன்றி!"

சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருக்கும் அக்காவிடம், "இவர்தான் ஜெயிச்ச பிரசிடெண்டா?" என்கிறேன்.

"எங்க ஜெயிச்சாரு! போன வாரம் ஓட்டு எண்ணுனதுல தோத்துட்டாருங்க. நன்றியை மட்டும் முன்னாடியே அடிச்சு வச்சுட்டாரு. அவரு வூட்டுக்குப் பின்னால சும்மா கெடந்துச்சு, கேக்காம எடுத்தாந்துட்டேன்."

"ஜெயிச்சவர் பேனர் கிடைக்கலையா?"

"அது ஊரு பூரா தொங்குது, ஒண்ணுத்துக்கும் ஆவல. ஜெயிச்சவருக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன்."

பைக் ஒன்று வந்து நிற்கிறது. இறங்குவது அதே மீசை. அக்கா பதறிப்போய்ச் சோளத்தை மீசைமேல் தள்ளுகிறார். தள்ளுவது காலால் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. சட்டென்று விலகி நிற்கிறார்.

"வாங்க தம்பி..."

அவர் குனிந்து, பேனரில் சோளத்துக்கு அடியில் கிடக்கும் தன் முகத்தைப் பார்க்கிறார்.

"பரவால்லக்கா, நல்லா காய வைங்க. அள்ளுறப்ப மட்டும் கிழிச்சுடாதீங்க. தேதி போடாமத்தான் அடிச்சிருக்கேன், அடுத்த எலெக்சனுக்கு ஆவும்."