என்னோடு பி.ஏ. படித்த சித்தி

சித்தி வகுப்பறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று, “குட்மார்னிங் மேடம்” என்றார்கள். நானும் எழுந்து நின்றேன். அன்று காலையில் ஒரே வீட்டில் ஒரே சட்டி உப்புமாவைத் தின்றுவிட்டு ஒரே பேருந்தில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். அலுவலகத்தில் ஏதோ கேட்க வேண்டும் என்று அவள் பின்தங்கியதால் நான் முதலில் வகுப்புக்கு வந்திருந்தேன். அவள் ஆசிரியை இல்லை, எங்களோடு வரலாறு முதலாண்டு படிக்கச் சேர்ந்திருப்பவள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியிருந்தும் நான் ஏன் எழுந்தேன் என்பது விளங்கவில்லை. கஞ்சி போட்ட நீலப் பருத்திப் புடவையோடு சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு, “ஐயோ, உக்காருங்க. நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது. கடைசிப் பெஞ்சில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனிகள் நிறைந்த நெருப்பெரிச்சலில் லைன் வீட்டில் குடியேறிய எங்களோடு, சின்னப் பெண்ணாக வந்து சேர்ந்தவள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையில் தொடங்கி, சீக்கிரமே டெய்லராகி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டோரியலுக்குப் போய், தனித் தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். நான் பள்ளி முடித்த அதே ஆண்டில், வயதைப் பற்றிக் கேள்வி கேட்காத ஒரு தனியார் கல்லூரியில் என்னோடு சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. “மகளும் தங்கச்சியும் ஒண்ணாப் படிக்குதாளுவன்னு ஊர்ல சொன்னா சிரிக்க மாட்டாவளா?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

முதல் நாள் பேருந்திலேயே சித்தி ஒரு நிபந்தனை போட்டாள். “ஏட்டி, காலேஜ்ல வச்சு என்னைச் சித்தின்னு கூப்பிடப்பிடாது, கேட்டியா? அங்க நீ யாரோ, நான் யாரோ.” சரி என்று தலையாட்டினேன். ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பில் மற்றவர்கள் அவளை ‘அக்கா’ என்றார்கள். நான் அவளை எப்படியும் கூப்பிடாமலே ஒன்றரை ஆண்டைக் கடத்தினேன். பேனா வேண்டுமென்றால்கூட எழுந்து போய் அவள் முன்னால் நின்று கையை நீட்டுவேன். சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் எப்போதும் உர்ரென்றிருக்கும் சித்தி அங்கே கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. எனக்குப் பொறாமையா, பெருமையா, எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாம் ஆண்டில் அவளுடைய பழைய கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். “ஷிப்மெண்ட் நெருங்கிருச்சுங்க. ஆள் பத்தலைங்க. இந்த ஒரு தடவை மட்டும் வந்து கை குடுங்க” என்று கெஞ்சினார். வீட்டில் அப்படியொன்றும் நெருக்கடி இல்லை. வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு பாடுபட்டுக் கல்லூரிக்குப் போனவள், மறுநாளே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டாள். ஏற்றுமதிக்கு ஒரு ஷிப்மெண்ட் முடிந்து அடுத்தது வந்தது. அவள் கல்லூரிக்குத் திரும்பியபோது வருகைப்பதிவு தேர்வெழுதப் போதாமல் போயிருந்தது.

எங்கள் துறைத் தலைவர் மேடம் கண்டிப்பானவர். வகுப்பில் வைத்தே சித்தியை எழுப்பினார். “உங்களுக்கு அட்டெண்டன்ஸ் பத்தலைங்க. ஊட்டுலிருந்து கார்டியன் வந்து பேசுனாத்தான் பரீட்சைக்கு விட முடியும்.”

“எனக்கே இம்புட்டு வயசாச்சுங்க மேடம். எனக்குக் கார்டியன்னு யாருங்க?” என்றாள் சித்தி.

“காலேஜ் ரூல்ஸுங்க. உங்களுக்குன்னு தனியா மாத்த முடியுங்களா? யாராச்சும் ஒருத்தர் வரோணும்.”

அன்று மாலை நான் அம்மாவிடம் கேட்டதற்கு, “என்னையக் கேட்டா சேர்ந்தா? நான் எதுக்கு வந்து நிக்கணும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை மேடம் திரும்பவும் கேட்டார். சித்தி எழுந்து நின்றாள். கடைசிப் பெஞ்சிலிருந்து அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என்ன நினைத்தேனோ, எழுந்தேன். “நான் வரேன் மேடம். எங்க சித்திதான். நான் அவங்க அக்கா பொண்ணு.”

வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சித்தி மட்டும் திரும்பவில்லை. மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்கு வரச் சொன்னார். அங்கே என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சித்தி பக்கத்தில் நின்றாள். “ஏங் கண்ணு, இனிமேல் இவங்க ஒழுங்கா வருவாங்கன்னு நீ பொறுப்பெடுத்துக்குவியா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறாரா, நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. “வருவாங்க மேடம்” என்றேன். என்னைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவளுக்கு நான் உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் சரி என்று எங்களை அனுப்பிவைத்தார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் செய்தது சரியா, தப்பா என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. மறுநாள் முதல் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சுக்கு வந்து, “தள்ளி உக்காரு” என்றாள். அதன்பிறகு படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

இருவரும் தேறினோம். நான் மேலே படித்து, இன்று வேறொரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சித்திக்கும் கம்பெனி அலுவலகத்திலேயே நாற்காலி வேலை தருவதாகச் சொன்னார்கள். அவள் பட்டத்தை வாங்கிய வாரமே பழைய மெஷினுக்குத் திரும்பிப் போனாள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ‘நான்தான் அன்னைக்கே சொன்னேனே’ என்று அம்மா ஓயாமல் பேசினாள். எனக்குள்ளும் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. இத்தனை பாடும் எதற்காக?

போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது கேட்டே விட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“காலேஜுக்குப் போணும்னு ஆசப்பட்டேன். போயிட்டு வந்தாச்சுல்லா? போயி வேற என்னமோ ஆவணும்னு நான் என்னைக்குச் சொன்னேன், ஏட்டி?”

பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளிடம், படித்தால் இன்னது ஆகலாம், அன்னது ஆகலாம் என்று பேசி வருகிறவள் நான். சித்தி பாதி ஆய்ந்த கீரையை என் பக்கம் தள்ளி, “சும்மா இருக்காம இதை ஆயி” என்றாள். ஆய்ந்து முடிக்கும்வரை நாங்கள் எங்கள் பழைய வகுப்புத் தோழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். என்னைவிட அவளுக்குத்தான் எல்லோருடைய பெயரும் நினைவிருந்தது.