காளிதாஸ் மடியில் காதுகுத்து

காளிதாஸுக்குக் கூண்டு கழுவுகிற வேலை. ஐதராபாத் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அறுபது குரங்குகள். மனிதனின் எச்.ஐ.வி. கிருமி அந்தக் குரங்கிடம் பலிக்காது. அதனால் குரங்குக் கிருமிக்கு மனிதக் கிருமியின் மேல்தோலை மாட்டி ஒரு கலப்புக் கிருமி செய்திருந்தார்கள். அதை ஏற்றித்தான் மருந்து சோதிப்பது. எட்டாவதோடு நின்றவனுக்கு இதெல்லாம் டாக்டரம்மா நஸீஹா சொல்லித் தெரிந்தது.

அக்கா நாகலெட்சுமி அந்த நோயில்தான் செத்தாள். அவள்தான் கெட்டுப்போய்க் கொண்டுவந்தாள் என்று முதுகுளத்தூர் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரப்பியவன் அவள் புருஷன் பொன்னுச்சாமி. பாடை தூக்க ஊரில் ஒருத்தன்கூட வரவில்லை.

ஒருநாள் நஸீஹா மருந்து டப்பாவைப் பிரித்தாள்.

"கிருமி ஒட்டிட்டாலும், இதோட இன்னும் ரெண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிட்டா ஆயுசுக்கும் இருக்கலாம், காளிதாஸ்."

டப்பாவின் மேலிருந்த பெயரை அவன் படித்தான். அக்கா படுக்கையில் விழுவதற்கு மூன்று வருஷம் முன்பே, அவள் வீட்டு மிளகாய் மூட்டைகளுக்கு இடையில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே பெயர். 'வாய்வு மாத்திரை மாப்ளே' என்று பொன்னுச்சாமி பிடுங்கிக்கொண்டான்.

டப்பாவைப் பார்த்த அந்த மாசமே பொன்னுச்சாமி போன் பண்ணினான். நோய் தொடாத ஒரே மகள் மாரிச்செல்விக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்தமாட்டார்கள்.

"வந்து உக்காந்துட்டுப் போயிரு மாப்ளே. மடியில புதுசாக் கோடி வேட்டி ஒண்ண விரிச்சுக்கிருவோம். குரங்குச் சீக்கு ஒட்டிரப்படாதுல்ல."

"விரிங்க மச்சான். வாரேன்."

சாயல்குடிப் பக்கம் குலசாமி கோயில். பிள்ளை மடியில், ஆசாரி கையில் ஊசி.

"பொறுங்க ஆசாரி. மச்சான், எங்கக்காவுக்குச் சீக்கு கொடுத்தது யாரு? சொல்லிட்டுக் குத்தச் சொல்லுங்க."

"ஏலே, நல்ல காரியத்துல..."

"நீ மறைச்சு வச்சுத் தின்ன மாத்திரை பேரச் சொல்லட்டா? அவளையும் திங்க விட்டிருந்தா இந்தப் புள்ளைக்கு ஆத்தா இருந்திருப்பா. எங்க கூண்டுல ஒரு கிருமி இருக்கு. மேல மனுசத்தோலு, உள்ள குரங்கு. உன்னையப் பாத்துத்தான் செஞ்சிருப்பாங்கெ!"

யாரோ சிரித்துவிட்டார்கள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. மாமன் எழுந்தால் காரியம் நின்றுபோகும்.

"நாந்தேன்."

"கேக்கல."

"நாந்தேன்டா கொடுத்தேன்! அவ ஒரு பாவமும் அறியா."

"குத்துங்க ஆசாரி."

பந்தியில் பொன்னுச்சாமிக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடந்தது. பங்காளிகள்கூட எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று காளிதாஸுக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. எதிர்வரிசையில் அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்து, கறியை இன்னொரு கரண்டி போடச் சொன்னான்.