வெண்கலம் மெல்லக் கூப்பிட்ட மத்தியானம்

அந்த நீதிமன்றத்து டவாலிக்கு எல்லாரும் வைத்த பெயர் வெண்கலம். வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார் என்றால் எதிர்க்கடையில் டீ குடிக்கிறவன்கூட கிளாஸைக் கீழே வைத்துவிடுவான். மூன்று முறை கூப்பிட்டும் மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடி.

வீட்டில் அவர் வேறு ஆள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவிக்குச் சத்தம் ஆகாது. கரண்டி விழுந்தாலே உடம்பு தூக்கிப் போடும். அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, துணி மாற்றி, அவள் கண்ணயர்ந்த பிறகு மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். அவருக்கும் நல்ல தூக்கம் என்று ஒன்று வாய்த்து நாளாகிவிட்டது.

அன்று வந்தது ஊரையே இரண்டாக்கிய வழக்கு. நினைவு தப்பிக் கிடக்கும் கணவனின் மூச்சு இயந்திரத்தை நிறுத்த அனுமதி கேட்டு மனைவி மனுப் போட்டிருந்தாள். கூடவே கூடாது என்றான் கணவனின் தம்பி. அவனுக்கு வக்கீல் இருந்தார். அவளுக்கு வக்கீல் வைக்க வழியில்லை. தானே பேச வந்திருந்தாள்.

மத்தியான வெயில் கண்ணாடி வழியாக வந்து தாழ்வாரத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது. மின்விசிறி தன்பாட்டுக்கு முனகியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவள் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெண்கலம் அவளைப் பார்த்தபடியே பெயரை மூன்று முறை கூப்பிட்டார். தன் குரல் எங்கோ ஆழத்திலிருந்து அலையலையாக வருவதாக அவருக்குத் தோன்றியது. பெஞ்சில் அசைவில்லை.

"யாரும் வரலைங்க ஐயா," என்று தம்பியின் வக்கீல் எழுந்தார். நீதிபதி தள்ளுபடி என்று சொன்னார்.

கிளார்க் வெளியே எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வெண்கலம் ஈயமாயிடுச்சா? உள்ள எனக்கே கேக்கலையே."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேரே உள்ளே போனார்.

"ஐயா, நான் சரியா கூப்பிடலைங்க."

"உத்தரவு சொல்லியாச்சுங்க ஐயா," என்றார் வக்கீல்.

"கையெழுத்து இன்னும் போடலை," என்ற நீதிபதி டவாலியைப் பார்த்தார். "தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லாத்தாங்க இருக்கு. அந்தம்மா தூங்கிட்டிருந்தாங்க. எழுப்பிடக் கூடாதுன்னு... வீட்டுப் பழக்கம்ங்க ஐயா."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "வீட்டுப் பழக்கத்தை வீட்டுல வெச்சுட்டு வாங்க. போய்க் கூப்பிடுங்க."

இந்த முறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

"ரொம்ப நேரம் தூங்கிட்டேனாண்ணே?"

"கொஞ்ச நேரம்தான். முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போங்க."

அவள் உள்ளே போய் நின்று மெதுவாகப் பேசத் தொடங்கினாள். தீர்ப்பு எப்படி வந்தால் நல்லது என்று கேட்டிருந்தால் வெண்கலத்துக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அடுத்த வழக்குக்காரர்கள் வாசலில் வளவளவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். அவள் பேசி முடிக்கும்வரை அவர்களைக் கையமர்த்தியபடியே நின்றார்.