ஊஞ்சல் சின்னத்தில் சசிரேகா

மாகறல் சசிரேகா ரவிக்கை தைப்பவள். சினிமா நடிகர் ஒருவர் தலைவராக இருந்து தொடங்கிய புதுக் கட்சிக்குக் கொடி தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் உறுப்பினர் அட்டையும் கொடுத்தனுப்பினார்கள். கட்சிக்கு அப்போது எட்டு மாதம். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வந்தது. அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கட்சியில் இருந்த ஒரே பெண் இவள். சின்னம் ஊஞ்சல்.

எதிர்த்து நின்ற ராணியம்மாள் இரண்டு முறை ஜெயித்தவர். ரேஷன் கடைக்குக் கட்டடம் வாங்கித் தந்தவர். சசிரேகாவே போன தேர்தலில் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள்.

வீடு வீடாகப் போய் ஏரிக் கால்வாயைத் தூர் வாருவதைப் பற்றிப் பேசினாள். யாரும் கேட்கவில்லை.

"அத்த வுடு. தலைவரு நேர்ல இன்னும் செவப்பா இருப்பாராமே? நெசமா?" என்றாள் மேலத்தெரு சிட்டம்மாள்.

"நான் பாத்ததில்லக்கா."

"பாக்காமயா ஓட்டு கேக்க வந்துக்கினு கீற?"

வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்பு, காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், தலைவரின் வேன் மாகறலில் மூன்று நிமிடம் நின்றது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்தார்கள். தலைவர் தலைமுடியைக் கோதினார். கூட்டம் கத்தியது. "என் தங்கச்சி சந்திரலேகாவுக்கு ஓட்டுப் போடுங்க!" என்றார். மறுபடி கத்தியது. வேன் போய்விட்டது.

"உன் பேர மாத்திட்டாருடி" என்றான் கணவன் பெருமாள்.

"ஊஞ்சல மாத்தலியே" என்றாள் சசிரேகா. அன்று மாலையே வீடு வீடாகப் போய், வாக்குச்சீட்டில் சந்திரலேகாவைத் தேட வேண்டாம், ஊஞ்சலைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எழுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஆளுயர மாலை வந்தது. கட்சிக்காரர்கள் அதைத் தலைவர் படத்துக்குப் போட்டார்கள். வாக்கு எண்ணும் இடத்தில் ராணியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னாம்மா பண்ணுவ, நானே அவரு பேசறத போன்ல பாத்துக்கினுதான் கீறேன்" என்றார். சசிரேகாவுக்கு அழுகை வந்தது. ஜெயித்ததற்கு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பதவியேற்ற மறுவாரம் சிட்டம்மாள் வந்தாள். மேலத்தெருவில் குழாய் இல்லை. "தலைவரு கைல சொல்லு" என்றாள்.

தலைவரின் போன் நம்பர் சசிரேகாவிடம் இல்லை. மனு எழுதத் தெரியாமல் ராணியம்மாளிடம் போனாள். அவர் எந்த அதிகாரியை எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, மனுவையும் எழுதித் தந்தார். ஒன்பது வாரம், செவ்வாய்தோறும் ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். பத்தாவது வாரம் குழி தோண்டினார்கள்.

தண்ணீர் வந்த அன்று மேலத்தெருவே திரண்டது. சிட்டம்மாள் தலைவர் பேனருக்குக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குடம் நிரம்பி, தண்ணீர் தெருவில் ஓடியது. சசிரேகா குனிந்து குழாயை மூடினாள்.