அதிகாரி வேடம்

லண்டனில் எடுக்கப்படும் படங்களில் கடைக்காரன், டாக்ஸிக்காரன், பிணம் என்று எது கிடைத்தாலும் நடித்துக்கொண்டிருந்தோம், நானும் ஒரு அண்ணையும். என்னைவிட மிகவும் மூத்தவர். செவன் கிங்ஸில் தனியே இருந்தார். அறுபதைத் தாண்டிய பிறகு, தானே ஒரு படத்தை இயக்கத் தொடங்கினார். இளமையில் அவர் இலங்கையில் இராணுவ முகாமில் அடைபட்டுக் கிடந்த நாட்கள்தான் கதை.

கைதியாக நடிக்க என்னைக் கேட்டார். விசாரிக்கும் அதிகாரியாக நடிக்க எவரும் விரும்பவில்லை. ஒருவாறு சம்மதித்த நடிகரும் படப்பிடிப்பன்று காலையில் போனை எடுக்கவில்லை.

குட்மேய்ஸில் ஒரு நண்பரின் கராஜைச் சிறையாக்கியிருந்தோம்.

"இனி ஆரைத் தேடுறது? நானே செய்யிறன்" என்று அண்ணை சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கமெரா ஓடத் தொடங்கியதும், தான் எழுதிய வசனத்தை விட்டுவிட்டார். சிங்களத்தில், தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அன்பாகப் பேசினார். என் தலைமயிரைக் கோதிவிட்டார். நான் நடிப்பை மறந்து தலையைப் பின்னுக்கு இழுத்தேன். 'கட்' சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல்லவில்லை. கமெராக்காரர்தான் நிறுத்தினார்.

அண்ணை வெளியே போய் வேலியைப் பிடித்தபடி நின்றார்.

"என்னை விசாரிச்சவன்ர குரல் அது. இவ்வளவு காலமும் எனக்குள்ளயே இருந்திருக்கு."

படம் ஒரு மண்டபத்தில் திரையிடப்பட்டது. சனம் அவருடைய நடிப்பைப் பற்றியே பேசியது. ஆனால் அவருக்குக் கைகொடுக்க அதிகம் பேர் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, டூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வயதான அம்மா அவரைக் கண்டதும் கும்பிட்டபடி கிட்ட வந்தார்.

"ஐயா, என்ர பிள்ளையை எங்க வைச்சிருக்கிறியள்?"

கூட வந்த மகள் பதறிப்போனார். "அம்மா, அது படம். இவர் நடிச்சவர்."

அந்த அம்மா நகரவில்லை. பதிலுக்காக அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை கையிலிருந்த மரக்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதம்மா."

அதன்பின் வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து அதே மாதிரி வேடங்களுக்கு அழைப்பு வந்தது, முன்பு கிடைக்காத பெரிய வேடங்கள். "ஏலாது" என்று ஒவ்வொன்றாக மறுத்தார். இன்னொரு படம் எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தியபோது, "அந்த மனுசி கேட்டதுக்கு மறுமொழி கிடைச்சால் எடுப்பம்" என்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன தை மாதம் மாரடைப்பில் இறந்தார். செத்தவீட்டில் போட்டுக்காட்ட அவர் நடித்த நல்ல காட்சி ஒன்றைத் தரும்படி அவருடைய தங்கை கேட்டார். நான் ஒரு புகைப்படத்தை மட்டும் கொடுத்தேன்.