சித்தாண்டிக் கொச்சித் தோட்டத்தில் கண்ணில்லாத வேட்டைக்காரர்கள்

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் "பேன் பார்க்கிறேன்" என்றுதான் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் ஓரடி தள்ளி நிற்பார்கள். நான் பார்ப்பது தலைப்பேன் அல்ல, இலைகளில் வாழும் சிற்றுண்ணிகள். ஊசிமுனையை விடச் சிறியவை. இவற்றில் ஒரு சாதி இலையின் சாற்றை உறிஞ்சிப் பயிரை நாசமாக்கும். இன்னொரு சாதி அந்த நாசகாரர்களையே பிடித்துத் தின்னும். இந்த வேட்டைக்காரச் சாதியைத் தேடிப் பிடித்து, இனம் பிரித்து, பெயர் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மலைநாட்டில் சேர்த்தவை என்னிடம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெப்ரவரி கடைசியில், மழை ஓய்ந்த கையோடு, நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

கண்டியில் காலை ஐந்தரைக்குப் பஸ். டிக்கெட் எழுநூறு ரூபாவுக்குள்தான். மகியங்கனை இறக்கத்தில் வயிறு புரட்டும், ஆகவே காலைச் சாப்பாட்டை மகா ஓயாவில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கலடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பிவிட்டால் நகரம் இன்னும் பதினாலு கிலோமீற்றர்தான். பதினொன்றரைக்கு இறங்கினேன். வெயில் தலையில் அறைந்தது.

வாவியைப் பார்த்த ஒரு பறங்கியர் வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரி மெர்சி அன்ரி, எழுபதை நெருங்குகிறவர், கேக் செய்து விற்கிறார். என் பையிலிருந்து சின்ன நுணுக்குக்காட்டி, கண்ணாடித் தகடுகள், அமிலக் குப்பி, ஒரு சிறு குப்பி மதுசாரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வர, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "மகள், வீடு எரியிற சாமான் ஒண்டும் இல்லத்தானே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ராசன் என்பவரின் ஓட்டோவில் ஏறினேன். சித்தாண்டி போய்வர, காத்திருப்பும் சேர்த்து, நாலாயிரத்து ஐந்நூறு என்று பேச்சு. இருபது கிலோமீற்றர் பாதை. இரண்டு பக்கமும் அறுவடைக்குக் காத்திருக்கும் வயல்வட்டை, நெல் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. வேலியோரச் செவ்வரத்தையைக் கண்டால் நிறுத்தச் சொன்னேன். ஆமணக்கைக் கண்டால் நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் தடவை ராசன் எஞ்சினை நிப்பாட்டிவிட்டே கேட்டார்.

"மிஸ், இலைக்கு அடியில என்னத்தத் தேடுறீங்க?"

சொன்னேன்.

"அட, இதுக்கா இவ்வளவு தூரம்? எண்ட கொச்சித் தோட்டத்துக்கு வாங்க. அள்ளிக்கொண்டு போகலாம்." கொச்சிக்காய் என்றால் அங்கே மிளகாய்.

ராசனின் தோட்டம் சித்தாண்டிக் கோயிலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே. கொழுந்தெல்லாம் கவிழ்த்துப் போட்ட கரண்டி மாதிரி கீழே சுருண்டு, பூ உதிர்ந்து, கன்றுகள் குறண்டிப்போய் நின்றன. நான் கைவில்லையை எடுப்பதைப் பார்த்து, "கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா மிஸ்?" என்றார் ராசன். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கிழமைக்கு ஒரு தரம் மருந்து அடிக்கிறாராம். அடிக்க அடிக்கச் சுருளுகிறதாம்.

கண்ணாடி வேண்டும்தான். சுருண்ட கொழுந்தின் அடியில் மங்கல் மஞ்சளாக, கண்ணாடித் தூசி போலச் சிற்றுண்ணிகள். இவை வலை பின்னாது. முட்டைதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முட்டையின் முதுகிலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும், அப்படி முட்டை வேறு எதுவும் இடுவதில்லை. கொழுந்து சுருட்டும் சாதி, சந்தேகமே இல்லை. வேட்டைக்காரன் ஒன்றுகூட அகப்படவில்லை.

நடுவில் குச்சி நட்டுக் கட்டிய ஒரு அலம்பல் வேலி. அதற்கு அந்தப் பக்கமும் மிளகாய்த் தோட்டம்தான். ஆனால் அங்கே கொழுந்து நிமிர்ந்து நின்றது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"அது அக்காட தோட்டம்," என்றார் ராசன். "அத்தான் மோசம் போய் முந்தநாள்தான் முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்சது. நெஞ்சுவலி, அஞ்சு நிமிசத்தில ஆள் இல்ல. சாவுத் துடக்கெண்டு ஒருத்தரும் உள்ள கால் வைக்கல்ல. வெளியில நிண்டு பம்பை மட்டும் போட்டுவிட்டன், தண்ணி தானா வாய்க்காலால பாயும். நாளைக்கு மருந்தடிக்கணும். இனியும் விட்டா எண்ட தோட்டத்து இலைச்சுருட்டு அங்கயும் போயிரும். அக்காவுக்கு இப்ப இத விட்டா வேற ஒண்டுமில்ல."

மருந்து டாங்கி வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறியது. என்னைப் போன்றவர்கள் தேடிப் போகும் தோட்டம் இப்படித்தான் இருக்கும்: மருந்து படாதது, பக்கத்தில் அழிவு இருந்தும் தப்பி நிற்பது. உள்ளே ஏதோ காவல் இருக்கிறது.

ராசனின் அக்கா புஷ்பத்தை அப்போதுதான் கண்டேன். ஐம்பது வயதிருக்கும், வெளுத்த சேலை, கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, ராசனை அங்கால போகச் சொல்லிவிட்டு, மெல்லக் கேட்டார்: "குறை நினைக்காதீங்க மிஸ். நீங்க சுத்தமாத்தானே இருக்கீங்க?"

அன்று எனக்கு மாதவிலக்கு. ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். வேறு ஊரென்றால் வாக்குவாதமும் செய்திருப்பேன், என் வாய் எனக்குத் தெரியும். ஆனால் புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாதம் தன் தோட்டத்தையே தொடாமல் இருந்தவரிடம் எந்த வாயால் வாதாடுவது? இல்லை அக்கா என்றேன்.

"அப்ப நீங்க வெளியில இருங்க. என்ன இலை வேணுமெண்டு சொல்லுங்க, நான் புடுங்கித் தாறன்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். கணவர் போன பிறகு அவர் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஒரு கன்றைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார். பிறகு வாய்க்கால் வரம்பில் அப்படியே நின்றுவிட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மடியில் பன்னிரண்டு இலைகள்.

"அவர்தான் காவல் நிக்கிறார் மிஸ்," என்றார். "இல்லாட்டி இது இப்பிடி நிக்காது."

நான் இலையைத் திருப்பினேன். மிளகாய் இலையின் அடியில் நரம்பு பிரியும் கவட்டில் சின்ன மயிர்ப்புதர் இருக்கும். வேட்டைக்காரர்கள் அதற்குள்தான் குடியிருப்பார்கள். மூன்றாம் இலையில் கண்டேன். பேரிக்காய் உருவம், எண்ணெய் பூசினாற்போல மினுக்கம், முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டித் தடவிக்கொண்டே ஓட்டம். இவற்றுக்குக் கண் கிடையாது. மணத்தாலும் தொடுகையாலும்தான் இரையைக் கண்டுபிடிக்கும். அக்காவிடம் வில்லையைக் கொடுத்தேன்.

"கடவுளே! என்ன ஓட்டம் ஓடுது! இதுதான் பெரிய கள்ளன் போல?"

ராசனும் வாங்கிப் பார்த்தார். "ஓம், இது மற்றதவிட மோசம். மருந்து காணாது, ரெண்டு மூடி கூடப் போடணும்."

எல்லாரும் செய்கிற பிழை இது. சும்மா இருப்பதை விட்டுவிட்டு ஓடுகிறதைக் கள்ளன் என்போம். ஆனால் நானும் உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓடுகிறதெல்லாம் வேட்டைக்காரனும் அல்ல. பூஞ்சணம் தின்று திரியும் அப்பாவிச் சாதி ஒன்றும் இப்படியே ஓடும். அதை நம்பி மருந்தை நிறுத்தச் சொல்லி, சுருட்டு பரவிவிட்டால்? ராசனும் அதைத்தான் கேட்டார்.

"நீங்க பஸ் ஏறிருவீங்க மிஸ். கொச்சிக்கண்டு போச்செண்டா இவ அடுத்த போகம் வரைக்கும் என்னத்தச் செய்யிற?"

நியாயமான கேள்வி. "நாளைக் காலை ஒன்பது மணி வரைக்கும் பொறுங்கள். சரியான பதிலோடு வருகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்," என்றேன். ராசன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார்.

அறைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினேன். ஒரு சிற்றுண்ணியின் பெயர் தெரியவேண்டுமென்றால் அதைக் கொல்லவேண்டும். இத்தனை வருடம் செய்தும் இது எனக்கு லேசாகிவிடவில்லை. மதுசாரத்தில் போட்டதை லக்டிக் அமிலத்தில் இட்டு இளஞ்சூட்டில் வைத்தால், உள்ளே இருக்கும் சதையெல்லாம் கரைந்து உடல் கண்ணாடியாகும். அப்புறம் தகட்டில் குப்புறக் கிடத்தி, முதுகில் உள்ள மயிர்களை எண்ணவேண்டும். எது எங்கே இருக்கிறது, எது நீளம், எது குட்டை என்பதுதான் அதன் சாதி, குலம், கோத்திரம். ஆய்வுகூடத்தில் சூட்டுக்கு ஒரு பெட்டி உண்டு. இங்கே மெர்சி அன்ரியின் கேக் அடுப்புத்தான் உண்டு.

"எண்ட கேக் அடுப்புக்குள்ள பேனை வைக்கப் போறியா?"

தோட்டத்தின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்காக வை. ஆனா என்னட்டக் கேக் வாங்கிற ஆக்களிட்டச் சொல்லிராத." அதனால்தான் அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை.

அந்தியில் நுணுக்குக்காட்டியைச் சன்னலோரம் வைத்தேன். முதுகில் பிளவில்லாத ஒற்றைக் கவசம். அதன் மேல் பெரும்பாலும் கண்ணுக்குத் தட்டாத குட்டை மயிர்கள். இரு பக்கத்திலும் ஒரு சோடி, பின்புறம் இரண்டு சோடி மட்டும் சாட்டை போல நீண்டு கிடந்தன. அம்பிளிசீயஸ் குலம். கொழுந்து சுருட்டும் சாதியைத் தின்று வாழக்கூடிய கூட்டம்தான். இனத்தின் பெயரை இப்போதும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன், பெண்ணின் விந்துப்பையின் வடிவத்தை நல்ல கருவியில் பார்த்தால்தான் அது துலங்கும். ஆனால் கள்ளனா காவலா என்ற கேள்விக்கு அது தேவையில்லை. நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் எட்டரைக்கே போய்விட்டேன். ராசன் டாங்கியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார், மருந்து கலக்கவில்லை. வாக்குத் தவறாத மனிதர். நான் கண்டதைச் சொன்னேன். புஷ்பம் அக்கா வரம்பில் குந்தியிருந்து கேட்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"தம்பிட தோட்டத்துக்கும் எங்கடதுக்கும் நடுவில ஒரு வேலிதான் மிஸ். மண் ஒண்டு, தண்ணி ஒண்டு, நாத்தும் ஒண்டு. இஞ்ச மட்டும் இதுகள் ஏன் வந்தது?"

ஏதோ நல்ல காலம் அக்கா என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் மழுப்பினால் அடுத்த கிழமையே மருந்து இறங்கும். "இந்த ஒரு மாதமும் இங்கே மருந்து அடிக்கவில்லை," என்றேன். "மருந்து பட்டால் இரண்டும் சாகும். சுருட்டுகிறது கெதியாகத் திரும்பிப் பெருகிவிடும். தின்னுகிறது வரச் சுணங்கும். இங்கே அதற்கு நேரம் கிடைத்தது."

"அவர் கிழமை தவறாம அடிப்பார்," என்றார். அக்கா கன்றுகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அவர் இருந்திருந்தா..."

"அக்கா, விடுங்க," என்றார் ராசன்.

"இல்லடா, மிஸ் சொல்லட்டும். அவர் இருந்திருந்தா இதுகள் வந்திருக்காது. அப்பிடித்தானே?"

"ஓம் அக்கா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ராசன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. புருஷன் காவல் நிற்கிறார் என்ற ஒரு ஆறுதல்தான் அக்காவுக்கு இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டு போக வந்தவள் நான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் பேசினார்.

"டாங்கியக் கவிழ்த்து வைடா. அவர் போய்த்தான் இதுகள் வந்ததெண்டா, இதுகளையும் சாகடிச்சுப் போட்டு நான் என்னத்த வச்சிருக்க?"

ராசன் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிட்டு டாங்கியை வேலியில் கவிழ்த்தார். எனக்காக இன்னும் ஆறு இலை பிடுங்கித் தந்தார் அக்கா. தகட்டின் சீட்டில் இடம், செடி, சேகரித்தவர் என்று மூன்றும் எழுதவேண்டும். இலையைப் பிடுங்கியவர்தான் சேகரித்தவர். ஆகவே அதில் இருப்பது புஷ்பம் அக்காவின் பெயர்.

இந்தப் பக்கம் இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சேகரிக்கும் அனுமதியைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். இருபது மடங்கு கைவில்லையும் நுனி ஒற்றை மயிராக வெட்டிய தூரிகையும் போதும், மதுசாரக் குப்பிகளை வெயிலில் வைக்காதீர்கள். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். காலை ஏழிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் கொல்லும். தோட்டத்துக்குள் கால் வைக்குமுன் கேளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், கேட்டதற்கு உண்மை சொல்லுங்கள். கரையோரத் தில்லை மரத்தில் கை வைக்கவேண்டாம், அதன் பால் கண்ணைக் கெடுக்கும். முக்கியமாக, இதைப் படித்துவிட்டு மருந்தையே நிறுத்துங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யாதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். காவல் இல்லாத தோட்டத்தில் வெறும் நம்பிக்கை ஒன்றும் விளைவிக்காது.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன். இரண்டு தரம் காய் பிடுங்கியாயிற்று என்றார் புஷ்பம் அக்கா. ராசனும் தன் பக்கம் மருந்தை நிறுத்திவிட்டு, அக்காவின் கன்றுகளிலிருந்து இலை பிடுங்கித் தன் கன்றுகளில் செருகி வைத்திருக்கிறாராம்.

"வேலியோர மூலையில மட்டும் நாலஞ்சு கண்டு சுருண்டிருக்கு மிஸ். தம்பி புடுங்கி எறியச் சொன்னான். நான் விட்டிருக்கன்."

"ஏன் அக்கா?"

"காவல் நிக்கிறதுகளும் சாப்பிடணும்தானே."